கழித்தல் குறி

நோர்வூட்டில் மழை பிடித்தால்
முதலில் போவது சிக்னல், பிறகு கரண்ட்.
இன்றைக்கு இரண்டும் இருந்தன.
வெள்ளையம்மாள் ஈரக் கம்பளியை வாசலில் உதறிவிட்டு
போட்டோகொப்பி மெசினுக்குப் பக்கத்தில்
ஒரே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.
"என் சர்வீஸ் காசு லிஸ்ட்டு இன்டர்நெட்டுல வந்திருக்காம்.
எடுத்துக் குடு பிள்ள."

தோட்டத்தின் பெயரை அடித்தேன்: ஆர்ட்மோர்.
பங்களா வந்தது. குளியல் தொட்டி வந்தது.
தொட்டிக்குள் ரோஜா இதழ், ஜன்னலுக்கு வெளியே மலை.
ஓர் இரவுக்கு எவ்வளவென்று டொலரில் வந்தது.
கொழுந்துக் கூடையோடு சிரித்தபடி
ஒரு வெள்ளைக்காரி வந்தாள்.
"இது நம்ம எட்டாம் நம்பர் மலதான்" என்றாள் வெள்ளையம்மாள்.
"கூடைக் கயித்த நெத்தியில மாட்டணும்னு
யாருமே சொல்லலியா அந்தப் புள்ளைக்கு?"

கழித்தல் குறி போட்டேன், இடைவெளி விடாமல்.
ஹோட்டலை ஒட்டி ஒன்று.
பங்களாவை ஒட்டி ஒன்று.
டூர். ட்ரெக்கிங். ஸ்பா.
கழியக் கழிய
மலையிலிருந்து ஆட்கள் இறங்கிப் போனார்கள்.
மிஞ்சியது ஒரு மண்சரிவு அறிக்கை,
ஒரு குத்தகை வழக்கின் தீர்ப்பு,
எந்த வருடத்ததோ கொழும்பு ஏல விலை.

இனிப் பெயர்.
இரட்டை மேற்கோளுக்குள் அவளை முழுதாக வைத்தேன்.
அது லயக் காம்பரா மாதிரி,
உள்ளே இருப்பவர் புரண்டு படுக்க முடியாது,
ஓர் எழுத்துக் கூடினாலும் கதவு திறக்காது.
திறக்கவில்லை.

பிறப்புப் பதிவில் வி போட்டு எழுதினார் ஒருவர்.
அடையாள அட்டையில் டபிள்யூ போட்டார் இன்னொருவர்.
செக்ரோலில் வெல்லம்மா என்று முடித்துவிட்டார்
மழைக்கு முன் வீடுபோக நினைத்த கிளாக்கர்.
மூவருக்கும் இவள் "ஆமாங்கய்யா" சொல்லியிருக்கிறாள்.
மூன்றையும் ஓஆர் போட்டுக் கோத்தேன்.
அதைப் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும்;
சிறிய எழுத்தில் கேட்டால்
துரை மாதிரி, காதில் வாங்காது.

அரசாங்கத் தளத்துக்குள் மட்டும் என்று வேலி கட்டினேன்.
பிடிஎஃப் மட்டும் என்றேன்.
தொண்ணூற்றெட்டுக்கும் இரண்டாயிரத்துப் பத்துக்கும் நடுவே
இரண்டு புள்ளி வைத்தேன்.
"அந்த ரெண்டு புள்ளிக்குள்ளயா
என் பன்னெண்டு வருசமும்?"
பக்கம் திறந்துகொண்டிருந்தது.
திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறுபத்தோராம் பக்கம், கீழிருந்து நாலாவது வரி:
வெல்லம்மா, காத்தமுத்துவின் மகன்.
"மகனா?"
மெசின் சூட்டில் காய வைத்திருந்த தாள்கள் பறக்கச் சிரித்தோம்.
அடையாள அட்டை இலக்கம் சரி.
காசில் மூன்று வருடம் குறைந்தது.
அதற்குச் சிரிக்கவில்லை.

ப்ரிண்ட் எடுக்கையில் கேட்டாள்:
"அந்தக் கோடு போட்டியே, கழிக்கிற கோடு.
தோட்டத்தக் கழிச்சிட்டு என்னய மட்டும் போட்டுப் பாரேன்."

போட்டேன். மூன்று எழுத்திலும்.
நடுவில் நட்சத்திரம் வைத்தும் பார்த்தேன்;
தெரியாத சொல்லுக்கு
அது பிடித்து வைக்கிற இடம்.
எதுவும் பொருந்தவில்லை என்றது திரை.
சொற்களைக் குறைத்துத் தேடுங்கள் என்று
ஒரு யோசனையும் சொன்னது.
வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.
"கொறைக்கிறதுக்கு இன்னும் என்னா இருக்கு" என்று எழுந்து
இருபது ரூபாவை மேசையில் வைத்து
தாளைச் சீனிப் பைக்குள் மடித்துச் செருகி
லேபர் ஒபிஸ் மூடுமுன் ஹட்டன் பஸ்ஸுக்கு ஓடினாள்.
கம்பளியை மறந்துவிட்டாள்.

ரிசல்ட் பார்க்க இரண்டு பொடியன்கள் வந்தார்கள்.
பெட்டியில் அவள் பெயர் இன்னும் இருந்தது,
பக்கத்தில் அந்தச் சின்னக் கோடு,
அதை ஒட்டி ஆர்ட்மோர்.
அவன்களுக்கு
வேறொரு டெப் திறந்தேன்.